ஆன்டெனா உயரமாக இருக்கட்டும், ஒயர் குட்டையாக இருக்கட்டும்

பறக்கும் விமானங்களின் சிக்னலைப் பிடித்துத் திரையில் பார்க்க, தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் ஆன்டெனாவை வைத்து, கீழே ஹாலில் ரிசீவரோடு இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வரை 15 மீட்டர் மெல்லிய கறுப்பு ஒயரை இழுத்தேன். ஜன்னலோரம் வைத்திருந்தபோது தெரிந்த விமானங்களைக்கூடக் காணோம். ஒயர்தான் காரணம். விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லும் 1090 மெகாஹெர்ட்ஸில், நான் போட்ட அந்த ஆர்ஜி58 ரக ஒயர் சிக்னலை மீட்டருக்கு அரை டெசிபலுக்கு மேல் தின்றுவிடும், 3 டெசிபல் போனாலே சிக்னல் பாதி காலி. கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி6 என்றால் 10 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபல்தான், விலையும் குறைவு. அது 75 ஓம் ஒயர், ரிசீவரோ 50 ஓம், பொருந்தாதே என்று பயப்பட வேண்டாம், அதனால் போவது ரொம்பக் கொஞ்சம்.

இன்னும் நல்லது, ரிசீவரையும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரையும் மாடிப்படிக் கூரைக்கடியிலேயே வைத்து லேன் கேபிளைக் கீழே இறக்குவது.

அப்புறம், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நிறைந்த டேங்க் சுவர் மாதிரி. மீனம்பாக்கம் நமக்குத் தென்மேற்கே, அந்தப் பக்கம் மறைந்தால் தாழ்வாக இறங்கும் விமானங்கள் போச்சு. நான் டேங்கையும் தாண்டி ஒரு பைப்பை உயர்த்திக் கட்டிய பிறகுதான் வந்தன. கடல்காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்கும், ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றுங்கள். இடி மின்னலுக்கு முன்பே ஒயரைக் கழற்றிவிடுங்கள்.