விர்ச்சுவல் மெஷினோடு கீபோர்டு, மவுஸைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசையில் ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். கணினிக்குள்ளே விர்ச்சுவல்பாக்ஸ், கேவிஎம் மாதிரியான மென்பொருளில் தனிக் கணினி போலவே ஓடும் ஒன்றிரண்டு விர்ச்சுவல் மெஷின்கள். கீபோர்டையும் மவுஸையும் இவற்றோடு பகிர மூன்று வழிகள் இருக்கின்றன. மெஷினைத் திரையில் ஒரு ஜன்னலாகத் திறந்து அதன்மேல் கிளிக் செய்து வேலை பார்ப்பது ஒன்று. கருவியையே மெஷினிடம் ஒப்படைத்துவிடுவது இன்னொன்று. சினர்ஜி, டெஸ்க்ஃப்ளோ மாதிரியான பகிர்வு மென்பொருளை வைத்து, அழுத்தும் விசைகளையும் மவுஸ் அசைவையும் நெட்வொர்க் வழியாக அனுப்புவது மூன்றாவது. தலைவலிகளில் பெரும்பகுதி, தனக்கு எந்த வழி வேண்டும் என்று முடிவு செய்யாமல் இரண்டைப் போட்டுக் கலப்பதால்தான் வருகிறது.

அடிக்கடி நடக்கும் கலப்பு இதுதான்: மெஷின் சாதாரண ஜன்னலில் ஓடுகிறது, அதற்குள் சினர்ஜி கிளையன்ட்டையும் (விசைகளைப் பெறும் பக்கம்) நிறுவிவிடுகிறார்கள். இப்போது மவுஸ் குறியை நகர்த்த இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். குறி ஓரத்துக்குப் போனதும் குதிக்கும், கிளிக் வேறெங்கோ விழும். ஜன்னலில் ஓடும் மெஷினுக்கு அந்த மென்பொருளே தேவையில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் மெஷினுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளை நிறுவுவது, விஎம்வேர் என்றால் அதன் டூல்ஸ், கேவிஎம் என்றால் மெஷினின் அமைப்பில் யுஎஸ்பி டேப்லெட் என்ற மெய்நிகர் கருவியைச் சேர்ப்பது. இவ்வளவு போதும், குறி தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வரும். மெஷினுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டும் தனி மானிட்டரும் கொடுத்திருந்தாலோ, மெஷின் வேறொரு கணினியில் ஓடினாலோதான் மூன்றாவது வழிக்கு வேலை.

மெஷினின் ஜன்னல் கீபோர்டையும் மவுஸையும் பிடித்துக்கொண்டால் விடுவித்து வெளியேறும் விசையைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போவது அடுத்த தவறு. விர்ச்சுவல்பாக்ஸில் அது வலது கண்ட்ரோல். விஎம்வேரில் கண்ட்ரோலும் ஆல்ட்டும். கேவிஎம் மெஷின்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரில் இடப்பக்கக் கண்ட்ரோலும் ஆல்ட்டும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் கண்ட்ரோல், ஆல்ட், இடது அம்புக்குறி. நிறைய லேப்டாப்களில் வலது கண்ட்ரோல் விசையே கிடையாது. அப்படியென்றால் விர்ச்சுவல்பாக்ஸின் அமைப்புகளில் இன்புட் பகுதிக்குப் போய் வேறு விசையை முதலிலேயே வைத்துவிடுங்கள். ஆல்ட்-டேப் அடித்து வெளியே வந்த பிறகு, உள்ளே ஆல்ட் அழுத்தியபடியே இருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்வதும் உண்டு. எழுத்து அடித்தால் மெனு திறக்கிறதா? ஆல்ட், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் ஒவ்வொன்றாக ஒருமுறை அழுத்தி விடுங்கள், சரியாகிவிடும்.

கருவியை ஒப்படைக்கும் வழியில்தான் அதிகக் கவனம் வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் யுஎஸ்பி ஃபில்டர் (எந்தக் கருவி மெஷினுக்குப் போக வேண்டும் என்ற விதி) ஒன்றைச் சேர்த்து, அதன் விவரங்களைக் காலியாக விட்டால் செருகியிருக்கும் எல்லாக் கருவிகளும் அதற்குப் பொருந்தும். மெஷின் எழுந்ததும் உங்கள் கீபோர்டும் மவுஸும் உள்ளே போய்விடும். பல வயர்லெஸ் கருவிகளை ஒரே யுஎஸ்பி ரிசீவரில் இணைக்கும் லாஜிடெக் யூனிஃபையிங் ரிசீவர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கீபோர்டு, மவுஸ் இரண்டும் ஒரே ரிசீவரில் இருந்தால், மவுஸை மட்டும் தனியாக ஒப்படைக்க முடியாது. இரண்டும் சேர்ந்துதான் போகும். அதனால் இந்த வேலையில் இறங்கும் முன், பழைய கீபோர்டு ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். அல்லது ஹோஸ்டில் (மெஷின்களை ஓட்டும் உங்கள் அசல் கணினியில்) தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச்சை இயக்கி, ஃபோனிலிருந்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். மெஷினை நிறுத்த அதுவே வழி.

லினக்ஸ் ஹோஸ்டில் இதைவிட நல்ல முறை உண்டு: கேவிஎம் மெஷின்களை ஓட்டும் க்யூஎம்யூ மென்பொருளின் ஈவிடெவ் வசதி. இடது, வலது கண்ட்ரோல் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கீபோர்டு மெஷினுக்குப் போகும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். நடுவில் நெட்வொர்க் இல்லை, தாமதமும் உணரும்படி இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்து மெஷினில் விளையாடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இங்கே நடக்கும் தவறு, கருவிகளுக்கு லினக்ஸ் வைக்கும் 'ஈவென்ட்4', 'ஈவென்ட்7' என்ற எண்களை அப்படியே அமைப்பில் எழுதிவிடுவது. அந்த எண்கள் நிலையானவை அல்ல; அடுத்த முறை கணினி எழும்போது மாறலாம். 'பை-ஐடி' கோப்புறையில் கருவியின் பெயரோடு இருக்கும் பாதையைத்தான் எழுத வேண்டும். அங்கேயும் ஒரே கீபோர்டுக்கு இரண்டு மூன்று பதிவுகள் தெரியும். ஒன்று எழுத்துகளுக்கு, இன்னொன்று ஒலியளவு போன்ற மீடியா விசைகளுக்கு. எது எது என்று கண்டுபிடிக்க, டெர்மினலில் ரூட் அனுமதியோடு அந்தப் பதிவை 'கேட்' கட்டளைக்குக் கொடுத்து ஓர் எழுத்தைத் தட்டுங்கள். புரியாத குறிகள் கொட்டினால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. கீபோர்டு பதிவில் 'கிராப்-ஆல்' என்பதை இயக்க மறந்தால் கீபோர்டு மட்டும் போகும், மவுஸ் ஹோஸ்டிலேயே நின்றுவிடும். அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும்போது கீபோர்டைக் கழற்றிச் செருகினால் க்யூஎம்யூ அதைத் தானாகத் திரும்பப் பிடிக்காது. மெஷினை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

நெட்வொர்க் வழியில் போகிறவர்கள், கீபோர்டு செருகியிருக்கும் கணினியையே சர்வராக (விசைகளை அனுப்பும் பக்கமாக) வையுங்கள். சினர்ஜியிலிருந்து பிரிந்த பேரியரை இப்போது புதிதாக நிறுவ வேண்டாம், அதைப் பராமரிப்பவர்கள் இல்லை. அதிலிருந்து பிரிந்த இன்புட் லீப்போ, சினர்ஜியின் மூலத் திட்டமான டெஸ்க்ஃப்ளோவோ எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலண்டில் ஓடவும் இவைதான் வேண்டும். இணைப்பு கிடைக்காவிட்டால் ஹோஸ்டின் ஃபயர்வாலில் 24800 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கேவிஎம்மின் வழக்கமான நெட்வொர்க்கில் ஹோஸ்டின் முகவரி 192.168.122.1. மெஷினுக்கு மேக்விடேப் (ஹோஸ்டின் நெட்வொர்க் கார்டோடு மெஷினை நேரடியாக இணைக்கும் முறை) போட்டிருந்தால் இணையம் நன்றாகவே வரும், ஆனால் ஹோஸ்டும் மெஷினும் ஒன்றோடொன்று பேச முடியாது. மணிக்கணக்கில் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் பலருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு மெஷினைக் குளோன் செய்து இன்னொன்று உருவாக்கியிருந்தால் பெயரை மாற்றுங்கள். ஒரே பெயரில் இரண்டு திரைகள் சேர முடியாது. குறியாக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள். நீங்கள் அடிக்கும் கடவுச்சொல்லும் அந்தக் கம்பி வழியாகத்தான் போகிறது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஜன்னல் வழியிலும் ஈவிடெவ் வழியிலும் மெஷினுக்குப் போவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற தகவல் மட்டுமே, எழுத்து அல்ல. ஹோஸ்டில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு இருப்பது மெஷினுக்குத் தெரியாது. மெஷினுக்குள்ளும் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சினர்ஜி வகையில் நிலைமை நேர் எதிர். அங்கே பொதுவாக ஹோஸ்டில் அந்த விசைக்கு என்ன எழுத்தோ அதுதான் அனுப்பப்படுகிறது. ஹோஸ்ட் தமிழிலும் மெஷின் ஆங்கிலத்திலும் இருந்தால் எழுத்து வராமலே போகலாம். ஹோஸ்டை ஆங்கிலத்தில் விட்டு, மொழியை மெஷினுக்குள் மட்டும் மாற்றுங்கள்.

கடைசியாக கிளிப்போர்டு. கீபோர்டோடு சேர்த்து இதையும் இருபுறமும் திறந்துவிடுவது பழக்கமாகிவிட்டது. சந்தேகத்துக்குரிய கோப்புகளைத் திறந்து பார்க்க வைத்திருக்கும் மெஷினில் அதை அணைத்தே வையுங்கள். ஹோஸ்டில் நீங்கள் காப்பி செய்யும் கடவுச்சொல்லை அந்த மெஷினில் ஓடும் எந்த நிரலும் படிக்க முடியும்.