பூசாத செங்கல் சுவர்: வீடு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது 1892-இல். கடற்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் அன்று முதல் அதன் சிவப்புச் செங்கல் மேல் அடித்துக்கொண்டேதான் இருக்கின்றன. அப்படியிருக்க, இன்று ஆசையாகக் கட்டிய செங்கல் முகப்பு சில ஆண்டுகளிலேயே வெள்ளை பூத்து, பொரிந்து, கடைசியில் பெயிண்ட் அடித்து மறைக்கப்படுவது ஏன்? செங்கல் கொஞ்சம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். குடித்த தண்ணீர் வெயிலில் திரும்ப வெளியேறவும் வேண்டும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை, சுவர் தேவைக்கு மேல் நனைவதாலோ, நனைந்தது காய முடியாமல் போவதாலோ வருபவை.

முதலில் பணக் கணக்கு. ‘பூச்சுக் கூலியும் பெயிண்ட் செலவும் மிச்சம்’ என்று நினைத்து இதில் இறங்குபவர்கள் நிறைய. பூசி மறைக்கும் சுவரில் கோணல் கல்லும் மூலை உடைந்த கல்லும் ஓடிவிடும். வெளியே தெரியும் சுவருக்குக் கல்லைப் பொறுக்கி எடுக்க வேண்டும், வரி பிசகாமல் நிதானமாகக் கட்ட வேண்டும். கூலி கூடத்தான் செய்யும். கொத்தனாரிடம் அவர் முன்பு கட்டிய பூசாத சுவர் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டியதை அல்ல, இரண்டு மழைக்காலம் பார்த்த சுவரை.

அடுத்தது கல். நிறத்தைப் பார்த்து லோடு இறக்கிவிடுவது பெரிய தவறு. நாட்டுக்கல்லோ, சேம்பர் கல்லோ, வயர்கட்டோ, எந்த வகைச் செங்கலானாலும் லோடுக்குச் சொல்லும் முன் சூளையிலிருந்து நாலைந்து கல் வாங்கி வாருங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. பிறகு நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கலுக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது 20 சதவீதம் வரை. அதாவது 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டக்கூடாது. மழை நேரடியாக அடிக்கும் சுவருக்கு 15 சதவீதத்துக்குள் இருக்கும் கல்லைத் தேடுவதே நல்லது.

வெள்ளை பூக்க வைக்கும் உப்பு கல்லில் இருக்கிறதா என்ற சோதனையையும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு தட்டில் 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, கல்லைச் செங்குத்தாக நிற்க வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும். தண்ணீர் முழுக்க இழுக்கப்பட்டுக் கல் காய்ந்ததும் இன்னொரு முறை ஊற்றிக் காய விடுங்கள். மேலே லேசாக வெள்ளை படிந்தால் பரவாயில்லை. பாதிக் கல்லுக்கு வெள்ளை பரவினால் அந்தச் சூளையை விட்டுவிடுங்கள்.

கல் நல்லதாக இருந்தும் கலவையில் கோட்டை விடுவதுண்டு. சிமெண்ட் அதிகம் போட்டால் சுவர் உறுதி என்ற எண்ணத்தில் கலவையைக் கெட்டியாக்குகிறார்கள். அளவுக்கு மீறிய சிமெண்ட் சுருங்கும்போது கல்லுக்கும் கலவைக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும், மழை அதன் வழியே உள்ளே போகும். 9 அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் போதும். கல்லை நனைக்காமல் வைத்தாலும் இதே கதைதான்: காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. கடலோரங்களில் உவர்த் தண்ணீரில் கலவை குழைத்தால், நல்ல கல்லிலும் உப்பு பூக்கும்.

பாயிண்டிங், அதாவது கற்களுக்கு இடையிலான சந்தைக் கலவையால் நிரப்பி முடிக்கும் விஷயத்தில் ஒரு மோகம் உண்டு. நிழல் அழகாக விழும் என்று சந்துகளை உள்ளே தள்ளி, பள்ளமாக விடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு கல்லின் மேல் விளிம்பு சின்னத் திண்ணைபோல நீட்டிக்கொண்டு மழைநீரைத் தேக்கி வைக்கும். வராந்தாவுக்குள் அப்படிச் செய்யலாம். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் பக்கத்தில் வேண்டாம். அங்கே கலவை கல்லோடு சமமாகவோ, தண்ணீர் வடியும் சரிவோடோ இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வருத்தம் தருவது, சுவர் கட்டி முடித்ததும் பளபளவென்று வார்னிஷ் அடிப்பது. ஈரம் விரிசல் வழியாகவோ, தரையிலிருந்தோ, பாத்ரூம் பைப்பிலிருந்தோ எப்படியும் சுவருக்குள் வரும். வெளியே போக வழியில்லாமல் அந்தப் படலத்துக்குப் பின்னால் உப்பு சேர்ந்து, கல்லின் முகமே செதில் செதிலாக உரியும். ஏதாவது அடித்தே ஆக வேண்டுமென்றால், படலமாகப் படியாமல் கல்லுக்குள் இறங்கி நீரை விலக்கும் சிலேன்-சிலாக்சேன் வகையைக் கேளுங்கள். அதுவும் சுவர் முழுசாகக் காய்ந்த பிறகு.

உண்மையில் செங்கலுக்கு நல்ல காவல் கூரைதான். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளில் கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கும். பெட்டி மாதிரி மொட்டையான முகப்பு வைத்துவிட்டு, மழையில் சுவர் ஊறுகிறதே என்று வருந்திப் பயனில்லை. சன்ஷேடின் அடியில், விளிம்பையொட்டி ஒரு சின்னக் காடி விட்டால் தண்ணீர் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். தரையில் விழும் மழை தெறிக்கும் உயரம் வரை கருங்கல் வைப்பது நல்லது. பேஸ்மட்டத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலத்தை எக்காரணம் கொண்டும் போடாமல் விடாதீர்கள்.

வயரிங், பைப் எங்கே போகும் என்று முதல் வரி வைக்கும் முன்பே முடிவாக வேண்டும். பூசாத சுவரில் பிறகு காடி வெட்டினால் அந்தத் தழும்பை மறைக்க முடியாது.

கடைசியாக, ஆசிட் கழுவல். சிந்திய கலவையை அன்றன்றே ஈரச் சாக்கால் துடைத்துவிட்டால் ஆசிட்டுக்கு வேலையே இல்லை. ஆசிட் கலவையை அரிக்கும், சரியாக அலசாவிட்டால் புது உப்பையும் விட்டுவைக்கும். முதல் ஆண்டில் வெள்ளை பூத்தால் பதற வேண்டாம். தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள், ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். ஆண்டு கடந்தும் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பூத்தால், அந்த இடத்துக்குப் பின்னால் ஓடும் பைப்பையும் அதற்கு மேலுள்ள தளத்தையும் சோதித்துப் பாருங்கள்.