கோழிக்குஞ்சு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குஞ்சுகள் வந்த முதல் பத்து நாட்களுக்குள் இறந்தால் பலரும் உடனே நோயைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அந்த வயதில் குஞ்சைக் கொல்வது பல நேரங்களில் வெப்பக் குறைவும், தரையில் பரப்பும் உமி, மரத்தூள் போன்ற கூளம் ஈரமாவதும்தான். இரண்டுமே வளர்ப்பவரின் கையில் இருப்பவை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குஞ்சுகளை இறக்கிய பிறகு, அவற்றுக்குச் சூடு தரும் புரூடர் விளக்கைப் போடுவது தவறு. முந்தைய நாளே போட்டுவிட்டால்தான் தரையும் கூளமும் சூடேறியிருக்கும். முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து, உடல் முழுவதும் இறகு மூடியதும் விளக்கை நிறுத்தலாம். வெப்பமானியை மட்டும் நம்பியிருப்பதும் சரியன்று. குஞ்சுகள் விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் சூடு போதவில்லை என்று பொருள். ஓரங்களில் ஒதுங்கி வாய் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுதி. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து குளிர்காற்று அடிக்கிறது. இந்தப் பார்வையை நள்ளிரவிலும் ஒருமுறை செலுத்த வேண்டும், ஏனெனில் நெருக்கியடித்து மூச்சுத் திணறிச் சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். குஞ்சுகளைச் சுற்றி வைக்கும் தடுப்பை வட்டமாக வைத்தால் குஞ்சுகள் மூலையில் போய்க் குவியாது.

முட்டையின் மஞ்சள் கரு உடலுக்குள் ஈர்க்கப்பட்டிருப்பதால் பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாட்கள் தீனியின்றி உயிர் தாங்கும். அதை நம்பித் தண்ணீரைத் தாமதப்படுத்துபவர்கள் உண்டு. பயணக் களைப்போடு வரும் குஞ்சுக்கு முதலில் தேவை தண்ணீர்தான். ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை நீரில் நனைத்து விட வேண்டும். தட்டு ஆழமாக இருந்தால் கூழாங்கற்களைப் போட்டு வைக்கலாம். வழவழப்பான காகிதத்தை மட்டும் தரையில் விரித்தால் கால்கள் இருபுறமும் விலகி, குஞ்சு நிற்க முடியாமல் போகும்.

முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கும் போடுவது பரவலாக நடக்கிறது. அதில் 3.5 முதல் 4 விழுக்காடு வரை சுண்ணாம்புச் சத்து இருக்கும். முட்டையிடாத குஞ்சுக்கு அதில் ஏறத்தாழ கால் பங்கே போதும், மிகுதி சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூஞ்சை பிடித்த தீவனத்தை வெயிலில் காயவைத்துப் போடுவதும் ஆபத்தே, ஏனெனில் பூஞ்சை காய்ந்தாலும் அதன் நச்சு போகாது.

கூளத்தை ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். இரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளிவந்து, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடுகிறது. குளிருக்குப் பயந்து கொட்டகையை முழுவதும் மூடிவிட்டால் ஈரமும் அம்மோனியாவும் உள்ளேயே தங்கும். காற்று போக வழி வேண்டும், ஆனால் அது கோழிகளின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் நம் கண் எரிந்தால், நாளெல்லாம் தரையோடு கிடக்கும் குஞ்சின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். வந்த பிறகு அதற்கு மருந்தில்லை, ஆன்டிபயாடிக் கொடுப்பதால் அந்த வைரஸ் அழியாது. எனவே கால்நடை மருத்துவர் சொல்லும் நாட்களில் தடுப்பூசி போட்டாக வேண்டும். உயிருள்ள தடுப்பு மருந்தைக் குளோரின் கலந்த நீரில் கொடுத்தால் அது வீணாகிவிடும்.

புதிதாக வாங்கிய கோழியை அன்றே மந்தையில் விடுவது, பார்த்துப் பார்த்து வளர்த்த அத்தனையையும் ஒரே நாளில் பணயம் வைப்பதாகும். வெளித்தோற்றத்தில் நலமாக இருக்கும் கோழியும் நோயைச் சுமந்து வரக்கூடும் என்பதால் நான்கு வாரங்களாவது தனியே வைக்க வேண்டும். அன்றாட வேலையிலும் முதலில் குஞ்சுகளையும், பிறகு வளர்ந்த கோழிகளையும், கடைசியாகத் தனித்து வைத்தவற்றையும் கவனித்து, அங்கிருந்து திரும்பியதும் காலணியையும் கையையும் கழுவிவிட வேண்டும்.