தில்லிக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு: இடையூறுகளுக்கு முன்பே வழி செய்வது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமப்புறப் பள்ளிகளிலிருந்து தில்லிக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் பிள்ளைகளில் பலருக்கு அதுவே முதல் ரயில் பயணமாகவும் இருக்கும். அவ்வளவு தொலைவு பெருங்குழுவாகச் செல்லும்போது ஏதேனும் ஓரிடத்தில் பிசகு நேரும். அப்படி நேரும்போது ஓர் ஆசிரியர் குழுவை விட்டுப் பிரிந்து, மருத்துவமனைக்கோ முந்தைய ரயில் நிலையத்துக்கோ செல்ல வேண்டியிருக்கும். ஆகவே பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கணக்கிட்ட பிறகு, எந்த அணிக்கும் பொறுப்பேற்காத ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாணவிகள் உடன் வந்தால் ஆசிரியைகள் இருவராவது வேண்டும். ஒருவர் பிரிந்து சென்றாலும் மற்றவர் மாணவிகளுடன் இருப்பார். செலவைக் குறைப்பதற்காக இந்தக் கூடுதல் ஆளை நீக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

பெரும்பாலான பள்ளிகள் அரையாண்டு விடுமுறையைத் தேர்ந்தெடுக்கின்றன. டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் வட இந்தியாவில் அடர்ந்த மூடுபனி இறங்கி ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகின்றன என்பதையும், தில்லியில் இரவுக் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே போகும் என்பதையும் அவர்கள் கருத்தில் கொள்வதில்லை. மே மாத வெயிலோ அதைவிடக் கொடியது. காலாண்டு விடுமுறையே என் தேர்வு. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது என்பதால், அதற்கு ஜூலை மாதத்துக்குள் பெயர்ப்பட்டியல் முடிவாகியிருக்க வேண்டும்.

ஒரு பயணச்சீட்டில் ஆறு பேருக்கு மேல் பதிய முடியாது. இதையே வசதியாக்கிக்கொண்டு, ஒரே சீட்டில் உள்ள ஆறு பேரை ஒரு சிறு குழுவாக வைத்து, ஒருவர் காணாமற்போனால் மற்ற ஐவரும் உடனே சொல்லும்படி பழக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு மாணவருக்குக் காய்ச்சல் வந்து பயணம் தடைப்பட்டால், அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தின் தலைவர் ரயில் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பாக எழுத்து மூலம் விண்ணப்பித்து, அதே நிறுவனத்தின் வேறொரு மாணவரின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். இந்த வாய்ப்பு ஒருமுறை மட்டுமே உண்டு. குழுவில் பத்து விழுக்காட்டினருக்கு மேல் மாற்ற இயலாது. தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் கொண்ட தாள் ஒன்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது.

கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் இல்லாததால், பெங்களூரு அல்லது சென்னை வரை பேருந்தில் சென்று ரயிலேற வேண்டியிருக்கும். தருமபுரியிலிருந்து சேலம் செல்பவர்கள் தொப்பூர் கணவாயைக் கடந்தாக வேண்டும். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தாலும் போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றுவிடும். ஆகவே வழக்கமான பயண நேரத்துக்கு மேல் மூன்று மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்துக் கிளம்ப வேண்டும்.

ரயிலில் பிள்ளைகள் தொலைவது பெரும்பாலும் தண்ணீர் பிடிக்க இறங்கும்போதுதான். நாகபுரி, போபால் போன்ற பெரிய நிலையங்களில் ரயில் சில நிமிடங்கள் நிற்பதால் ஆசை எழும். ஆசிரியர் மட்டுமே இறங்கி வாங்கி வருவது என்பதை மாற்றமில்லாத விதியாக்க வேண்டும். மீறி ஒருவர் நடைமேடையில் நின்றுவிட்டால், ஓடும் ரயிலில் ஏற அவர் முயலக்கூடாது. அங்கேயே ரயில்வே பாதுகாப்புப் படையினரை அணுகி நிற்க வேண்டும். பெட்டியில் இருப்பவர்கள் உடனே 139 என்ற எண்ணை அழைத்து, பயணச்சீட்டுப் பரிசோதகருக்கும் தெரிவிக்க வேண்டும். கூடுதல் ஆசிரியர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிச் செல்ல, மற்றவர்கள் பயணத்தைத் தொடர வேண்டும். முழுக் குழுவும் இறங்குவது ஒரு சிக்கலைப் பத்தாக்கும்.

தில்லி மெட்ரோவில் இதைவிடக் கவனம் தேவை. கதவுகள் சில நொடிகளில் மூடிவிடும். முதல் பெட்டி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது என்பதால், அவசரத்தில் ஓடி ஏறும் கலப்புக் குழு அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடும். நடைமேடையின் நடுப்பகுதியில் நின்று, அணி அணியாகத் தனித்தனிக் கதவுகளில், ஒவ்வோர் அணியிலும் ஆசிரியர் கடைசியாக ஏற வேண்டும். ஏறாமல் விடுபட்டவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தனியாக ஏறிப் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையிலேயே காத்திருக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் புறப்படுவதற்கு முன்பு பள்ளி மைதானத்தில் கோடு கிழித்து நடித்துக் காட்டிப் பழக்க வேண்டும். மஞ்சள் வழித்தடமும் நீல வழித்தடமும் சந்திக்கும் ராஜீவ் சவுக் நிலையத்தில் மாலை நேர நெரிசலை முற்றிலும் தவிர்ப்பதே பாதுகாப்பு.

பல பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள் என்றாலும் தில்லித் தெருவில் அவை உதவா. ஆகவே பள்ளியின் பெயர், தங்குமிட முகவரி, இரண்டு ஆசிரியர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, கழுத்தில் தொங்கும் அட்டையாகத் தர வேண்டும். சட்டைப்பையிலும் அதன் படி ஒன்று இருக்க வேண்டும். அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை மனப்பாடமாக்க வேண்டும். தமிழில் பேசி உதவி கேட்க சாணக்கியபுரியில் தமிழ்நாடு இல்லமும், ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கமும் உள்ளன.

வீட்டிலிருந்து கொண்டுவரும் புளிச்சோற்றை முதல் நாளிலேயே முடித்துவிட வேண்டும். மறுநாள் அதைத் தின்று வயிற்றுப்போக்கோடு தில்லியில் இறங்கும் பிள்ளையால் மற்ற அனைவரின் திட்டமும் நிற்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் தாராளமாக வேண்டும். வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் மருந்து விவரத்தைப் பெற்றோர் கையொப்பத்துடன் பெற்று, அந்த மருந்தை ஆசிரியரின் கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

செங்கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும் தேசிய ரயில் அருங்காட்சியகமும் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். ஆக்ராவுக்கும் செல்வதாயின் தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. திங்கட்கிழமைக்குக் குதுப்மினாரையும் ஹுமாயூன் கல்லறையையும் வைத்துக்கொள்ளலாம். குடியரசு நாளை ஒட்டிய நாட்களில் கடமைப் பாதையைச் (கர்த்தவ்ய பத்) சுற்றி அணிவகுப்பு ஒத்திகைக்காகச் சாலைகள் அடைக்கப்படும்.

திரும்பும் ரயில் தாமதமானால் ஒரு வேளை உணவுக்கும் ஓர் அறையின் கூடுதல் வாடகைக்குமான பணத்தை ரொக்கமாக இரு ஆசிரியர்கள் பிரித்து வைத்திருக்க வேண்டும். புது தில்லி, பழைய தில்லி, ஹஜ்ரத் நிஜாமுதீன் ஆகியவை வெவ்வேறு நிலையங்கள் என்பதால், சீட்டில் உள்ள நிலையத்தின் பெயரை ஓட்டுநரிடம் படித்துக் காட்டியே வண்டியில் ஏற வேண்டும். ரயில் நள்ளிரவில் வந்து சேர்ந்தால் பென்னாகரத்துக்கும் ஊத்தங்கரைக்கும் அப்பாலுள்ள சிற்றூர்களுக்குப் பேருந்து இருக்காது. அந்தப் பெற்றோருக்குப் பயண நாளன்று காலையிலேயே தெரிவித்து, அழைத்துச் செல்ல எவரும் வர இயலாத பிள்ளைகளை விடியும் வரை பள்ளியிலேயே ஆசிரியர்களின் துணையுடன் தங்கவைக்க வேண்டும்.