ஹைபிரிட் கார் இழுக்கவில்லையா? கோளாறு இன்ஜினிலா, பேட்டரியிலா

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் கார் மேட்டில் திணறினால், எல்லோரும் மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய பேட்டரிமேல்தான் பழி போடுகிறார்கள். கோளாறு இன்ஜினில் இருந்தாலும் மோட்டார் கைகொடுத்துச் சமாளித்துவிடுவதால் வெளியே தெரியாது, மைலேஜ் மட்டும் குறைந்துகொண்டே வரும். அதனால் எந்தப் பக்கம் பிரச்சினை என்று பிரிப்பதுதான் முதல் வேலை.

பானெட்டைத் திறக்கும் முன் டேஷ்போர்டில் கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது எரிந்தால் இன்ஜின் எந்த நொடியும் தானாக ஓடத் தொடங்கும். உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே கூடாது.

சரி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஆரம்பிக்கலாம். சிறியதுதான், ஆனால் இது பலவீனமானால் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும். சில மணி நேரம் அணைத்து வைத்த காரில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12.2-க்குக் கீழே போனால் முதலில் அதைக் கவனியுங்கள்.

அடுத்து, காரின் கணினி பதிவு செய்த கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனர். ஹைபிரிட் கணினியையும் படிக்கிற ஒன்றாக இருக்கட்டும், சாதாரணமானவை பல நேரம் இன்ஜின் கோளாறு எண்களோடு நின்றுவிடும். கோளாறு எண் வந்ததும் அழித்துவிடாதீர்கள். கோளாறு வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம் என்ன என்ற பதிவும் அதோடு அழிந்துவிடும். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. பி0ஏ80 என்றால் பெரிய பேட்டரியில் கோளாறு.

பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. காரை அணைத்துவிட்டு ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இரண்டாவது இக்னிஷன் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு, கோளாறு எண்ணையும் அதன் பதிவையும் குறித்துக்கொண்டு அழித்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பழையபடி பி0302-வே வந்தால் ஸ்பார்க் பிளக், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரெஷன்) என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு தொல்லை, நீங்கள் கவனிக்கும்போதே இன்ஜின் அணைந்துவிடும். அதற்குத்தான் மெயின்டனன்ஸ் மோடு. அதில் போட்டால் இன்ஜின் தொடர்ந்து ஓடும். நுழையும் முறை மாடலுக்கு மாடல் வேறு, சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அப்போது ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃபியூவல் டிரிம், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டினால் காற்றுக் கசிவு, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு இரண்டையும் முதலில் சோதிப்பேன்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் உலுக்குகிறதா? கூலன்ட் மட்டம் மெல்ல இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில், புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் அடைப்பும் சேர்ந்து வருவது தெரிந்த கதை.

இன்ஜின் பக்கம் எல்லாம் சுத்தமா? அப்புறம்தான் பெரிய பேட்டரி. பின் சீட்டுப் பக்கம் இருக்கும் கூலிங் ஃபேன் வழியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒருவரை ஸ்கேனரோடு உட்கார வைத்து அழுத்தி ஓட்டுங்கள். பெரிய பேட்டரி பல பிளாக்குகளாகப் பிரிந்திருக்கும், ஸ்கேனர் காட்டும் பிளாக் வோல்டேஜ்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சரேலென்று இறங்கினால் பிளாக் எண்ணைக் குறித்துக்கொண்டு ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே மூடியைக் கழற்ற வேண்டாம்.