தண்டவாளத்தை ஓட்டுவதா, எஞ்சினை ஓட்டுவதா?

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடியறையில் ஆறடிக்கு மூன்றடிப் பலகை ஒன்று இருக்கிறது. சன்னல் வழியே பெங்களூர் ஈஸ்ட் நிலையத்து ஹாரன் கேட்கும். பலகையில் 16.5 மில்லிமீட்டர் தடத்தில் என் மாதிரி ரயில்கள் ஓடுகின்றன. பத்து ஆண்டுகள் அனலாக்கில் ஓடின, இப்போது டிஜிட்டலில்.

இந்த இரண்டு முறைகளில் எது சிறந்தது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரே தடத்தில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்ட ஆசையா?

அனலாக்கில் நீங்கள் ஓட்டுவது தண்டவாளத்தை. பூஜ்யத்திலிருந்து 12 வோல்ட் வரை குமிழைத் திருகினால் வேகம் கூடும். துருவத்தை மாற்றினால் வண்டி பின்னால் போகும். அந்தத் தடத்தில் எத்தனை எஞ்சின் நின்றாலும் அத்தனையும் நகரும். ஒன்றை மட்டும் நிறுத்த, தண்டவாளத்தில் இடைவெளி விட்டு அந்தப் பகுதிக்குத் தனி சுவிட்ச் வைக்க வேண்டும். ஒரு வட்டம், ஒரு வண்டி என்றால் இதுவே தாராளமாகப் போதும். டிஜிட்டலுக்குச் செலவிடும் பணத்தில் நல்ல எஞ்சின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் மாறியது என் பேத்தியால். "தாத்தா, நீங்கள் சரக்கு வண்டி, நான் பயணிகள் வண்டி" என்றாள். சுவிட்சுகளைத் தட்டித் தட்டியே அன்றைய மாலை போயிற்று. அவள் கையில் எஞ்சின் இருக்கவே இல்லை.

டிஜிட்டலில், அதாவது டி.சி.சி. (டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல்) முறையில், தடத்தில் எப்போதும் சுமார் 15 வோல்ட் இருக்கும். துருவம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறும். அந்த மாற்றத்திலேயே கட்டளை பயணிக்கிறது. எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற சிறு மின்னணுப் பலகை தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்கும். நின்ற வண்டியிலும் விளக்கு எரியும். புது டீகோடர்கள் 3 என்ற எண்ணோடுதான் வரும். முதல் நாள் எங்கள் இரண்டு எஞ்சின்களும் சேர்ந்தே கிளம்பியதற்கு அதுவே காரணம். ஒவ்வொன்றையும் தனியாகத் தடத்தில் வைத்து, எண்ணை மாற்றிய பிறகே அடுத்ததை வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டீகோடர் இல்லாத எஞ்சினை டிஜிட்டல் தடத்தில் நிறுத்தாதீர்கள். நான் ஒரு பழைய எஞ்சினை அப்படி விட்டுவிட்டுக் காபி குடிக்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது மோட்டார் கொசுவைப் போல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கூட்டைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. அது ஓடாமல் நின்றபடியே வெந்துகொண்டிருந்தது. எனவே வாங்கும்போதே டீகோடர் சாக்கெட் உள்ள எஞ்சினாகப் பாருங்கள். சாக்கெட் இல்லாததில் நீங்களே ஒயர் வைத்து டீகோடர் பொருத்துவதாக இருந்தால், மோட்டாரின் இரண்டு முனைகளும் உலோக அடிச்சட்டத்தைத் தொடவில்லை என்று மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ளுங்கள். தொட்டால் டீகோடர் போய்விடும்.

எந்த முறையானாலும் ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். பெங்களூரின் மின்பொருள் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இரண்டு நிறத்தில் வாங்கி, பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை இழுத்துப் பற்றவையுங்கள். தண்டவாள இணைப்புத் தகட்டை நம்பாதீர்கள். நாளாக நாளாக அது மின்சாரத்தைக் கடத்தாது. இன்று அனலாக்கில் தொடங்கினாலும், நாளை மாறும்போது இந்த ஒயர் வேலை அப்படியே பயன்படும்.

டிஜிட்டல் இணைப்பு முடிந்ததும் ஒரு சோதனை. ஒரு ரூபாய் நாணயத்தைத் தடத்தின் குறுக்கே, கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து மிகத் தொலைவான இடத்தில் வையுங்கள். ஷார்ட் ஆனதை உணர்ந்து அந்தப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். எங்கள் பலகையில் மூலை வளைவில் மட்டும் அது துண்டிக்கவில்லை. அங்கே இன்னொரு ஜோடிக் கம்பி சேர்த்த பிறகுதான் பேத்தியின் பயணிகள் வண்டியைத் தடத்தில் வைத்தேன்.