கூட்டு மருந்து ஆய்வகத்தில் வேலை: அறிமுகமாகும்போது அதை எப்படிச் சொல்வது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரத்தில் பி.ஃபார்ம். அல்லது எம்.ஃபார்ம். முடித்துவிட்டு ஹைதராபாத்திலோ அகமதாபாத்திலோ ஃபார்முலேஷன் (மருந்தை மாத்திரை போன்ற வடிவமாக்கும்) ஆராய்ச்சிப் பிரிவில் சேரும் பிள்ளைகள், முதன்முறையாக ஒரு கருத்தரங்குக்குப் புறப்படும் முன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அங்கே யாராவது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் எப்படிச் சொல்ல வேண்டும், அண்ணாச்சி?" எஃப்.டி.சி. (ஃபிக்ஸட் டோஸ் காம்பினேஷன், அதாவது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைக் குறித்த அளவில் ஒன்றாகச் சேர்த்த கூட்டு மருந்து) என்றால் என்ன, ஆய்வகத்தில் அன்றாடம் என்ன நடக்கிறது என்பவை இதைப் படிப்பவருக்குத் தெரிந்தவையே என்பதால் நேராகச் செய்முறைக்கு வருகிறேன்.

முதல் படி: பதவிப் பெயரில் தொடங்காதீர்கள். ஒரு நிறுவனத்தில் ரிசர்ச் அசோசியேட் என்பவர் இன்னொரு நிறுவனத்தில் எக்சிகியூட்டிவ். அதிலிருந்து கேட்பவருக்கு எதுவும் தெரிந்துவிடாது. "ரத்த அழுத்த நோயாளிகளுக்காக இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்க்கும் குழுவில் இருக்கிறேன்" என்பது போல, நோயாளி யார், சேர்மானம் எத்தகையது என்ற இரண்டும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: ஏன் சேர்க்கிறீர்கள் என்பதற்கு ஒரு பதிலைக் கையில் வைத்திருங்கள். எதிரில் இருப்பவர் மருத்துவராக இருந்தால், தனித்தனியாகக் கொடுத்தால் என்ன என்று கட்டாயம் கேட்பார். கேட்பதில் நியாயமும் உண்டு. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940-இன் 26ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அது நீதிமன்றம் வரை போய், மறு ஆய்வுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடையாயின. 2024 ஆகஸ்டில் மேலும் 156 சேர்ந்தன. இந்த வரலாறு தெரிந்தவரிடம் "நோயாளிக்கு வசதி" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. காசநோய்க்கான மாத்திரையில் ரிஃபாம்பிசின் 150, ஐசோனியாசிட் 75, பைரசினமைடு 400, எத்தம்பியூட்டால் 275 மில்லிகிராம் என நான்கும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம், நோயாளி ஒன்றை மட்டும் விழுங்கி மற்றவற்றை விட்டுவிட்டால் கிருமி எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும் என்பதாகும். உங்கள் சேர்மானத்துக்கும் இத்தகைய மருத்துவக் காரணம் ஒன்று இருக்கும். மேலாளரிடம் கேட்டாவது அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மருந்தின் அளவை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்ற குறையை மறைக்காமல் நீங்களே சொல்லிவிட்டால் மருத்துவர்களுக்கு உங்கள் மீது மதிப்பு கூடும்.

மூன்றாம் படியில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். வேலையின் சுவையே அதன் சிக்கலில்தான் இருக்கிறது. ஆனால் சிக்கலைச் சொன்னால் நிறுவனத்தின் ரகசியம் வெளியே போய்விடுமோ என்ற அச்சத்தில், "காம்பேட்டிபிலிட்டி (ஒத்துப்போதல்), ஸ்டெபிலிட்டி (கெடாமல் நிலைத்தல்) எல்லாம் பார்ப்போம்" என்று மழுப்பிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். உங்கள் மருந்தைத் தொடாமல், ஊரறிந்த ஒரு சேர்மானத்தை எடுத்துக்கொண்டு அதன் வழியாக உங்கள் வேலையை விளக்குவதே இதற்கு வழி. நான் எப்போதும் எடுப்பது ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரையை. டெல்மிசார்ட்டன் சாதாரண நிலையில் எளிதில் கரையாது என்பதால் மெக்ளுமின், சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரப்பொருள்களோடு சேர்த்துத்தான் அதை மாத்திரையாக்குகிறார்கள். அம்லோடிபினோ காரம் பட்டால் சிதையத் தொடங்கும். ஒன்றை வாழவைக்கும் பொருள் மற்றொன்றைக் கெடுக்கும் என்பதால், இரண்டையும் தனித்தனித் தூளாகத் தயாரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி, இரண்டு அடுக்கு மாத்திரையாக்குகிறார்கள். இவ்வளவையும் சொன்ன பிறகு, "நான் பார்ப்பது வேறு மருந்துகள், ஆனால் இதே வகைச் சிக்கல்" என்று முடித்தால் போதும். ரகசியமும் காப்பாற்றப்படும், உங்கள் திறமையும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

உங்கள் சிக்கல் வேறு வகையானால் எடுத்துக்காட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். இரு மருந்துகள் ஒன்றோடொன்று வினைபுரிவதுதான் சிக்கல் என்றால், இரைப்பை அமிலத்தில் சிதைந்த ரிஃபாம்பிசின் ஐசோனியாசிட்டோடு சேர்ந்து ஹைட்ரசோன் என்ற வேறொரு பொருளாக மாறுவதைச் சொல்லலாம். ஈரம்தான் சிக்கல் என்றால், ஈரம் பட்டால் எளிதில் சிதையும் கிளாவுலானிக் அமிலம் இருக்கிறது. அளவு வேறுபாடு என்றால், சர்க்கரை நோய் மாத்திரையில் 500 மில்லிகிராம் மெட்ஃபார்மினோடு 1 மில்லிகிராம் கிளிமிபிரைடு எல்லா மாத்திரைகளிலும் சமமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களைச் சொன்னாலே கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பேச்சு இந்த இடத்துக்கு வந்தால், மருந்துகள் ஒத்துப்போகின்றனவா என்பதை எப்படிக் கண்டறிகிறீர்கள் என்று துறை சார்ந்தவர் கேட்பார். டி.எஸ்.சி. (சூடாக்கும்போது பொருளில் நிகழும் வெப்ப மாற்றத்தை அளக்கும் சோதனை) வரைபடத்தை மட்டும் காட்டி முடிவு சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது விரைவான முதல் எச்சரிக்கை மட்டுமே. கலவையை 40 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதத்தில் சில வாரங்கள் வைத்து எச்.பி.எல்.சி.யில் (கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவியில்) சிதைவுப் பொருள்களை அளந்து பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. இப்படி ஒரு சொந்தக் கருத்து உங்களிடமும் இருக்கட்டும். அதை மறுத்துப் பேசுபவர்தான் பெரும்பாலும் பின்னர் நல்ல தொடர்பாக அமைகிறார்.

நான்காம் படி, கேட்பவருக்கு ஏற்பச் சுருக்குவது. தக்கலையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சொந்தக்கார மாமா ஒருவர் கேட்கும்போது மெக்ளுமினைப் பற்றிப் பேச முடியாது. நம் பக்கம் பலரும் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தைச் சொல்லி விளக்கப் பார்ப்பார்கள்; எளிதில் புரியும் என்பது உண்மைதான், ஆனால் அதன் பிறகு நீங்கள் சித்த மருந்து செய்கிறீர்கள் என்றே ஊர் முழுவதும் பேச்சாகிவிடும். அதைவிட, "மாமா, உங்க பிரஷர் மாத்திரையைக் கொஞ்சம் எடுங்க" என்று கேளுங்கள். சட்டைப் பையிலிருந்து வரும் அட்டையில் இருப்பது அந்த இரண்டு அடுக்கு வகையாக இருந்தால், விளிம்பைத் திருப்பிக் காட்டுங்கள்: பாதி வெள்ளை, பாதி வேறு நிறம், நடுவில் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. "இந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் வேற வேற மருந்து, ஒண்ணை ஒண்ணு கெடுக்காம பார்த்துக்கிறதுதான் என் வேலை" என்றால் பந்தியில் இருக்கும் அத்தனை பேருக்கும் விளங்கிவிடும். அந்த மாமாவின் மகன் திருவனந்தபுரத்திலோ துபாயிலோ மருந்துத் துறையில் இருந்தால், ஒரு நல்ல தொடர்பும் அங்கேயே கிடைத்துவிடும்.

பயிற்சிக்குச் செயலி எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே குரல் பதிவு ஒன்றை அனுப்பி மறுநாள் கேளுங்கள்; எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியம் நீளம் என்று பொருள். விசிட்டிங் கார்டு பழையதாகிவிட்டது என்பவர்களின் பேச்சையும் நான் ஏற்கவில்லை. பின்புறம் வெறுமையாக விட்டு அச்சடித்தால், எதிரில் இருப்பவர் உங்கள் எடுத்துக்காட்டை அதில் குறித்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: அமெரிக்க நிறுவனத்தாரோடு பேசும் இருவர் ஒரு குழப்பத்தைச் சுட்டிக்காட்டியதால் இதைச் சேர்க்கிறேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதிகளில் காம்பினேஷன் ப்ராடக்ட் என்பது மருந்தோடு கருவியோ உயிரியல் பொருளோ சேர்ந்ததைக் குறிக்கும். மருந்து நிரப்பிய ஊசி போன்றவை அதில் அடங்கும். ஆகவே அவர்களிடம் ஃபிக்ஸட் டோஸ் காம்பினேஷன் என்று முழுமையாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொருவர், தாம் பார்ப்பது ஏற்கெனவே சந்தையில் இருக்கும் சேர்மானத்தில் அளவு விகிதத்தை மாற்றும் வேலை மட்டுமே என்றும், அதைப் பெரிதாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019-இன்படி, அனுமதி பெற்ற கூட்டு மருந்தில் விகிதத்தை மாற்றி, பயன், அளவு போன்ற குறிப்பிட்ட கோரிக்கைகளோடு முன்வைத்தால் அதுவும் புதிய மருந்தாகவே கருதப்படுகிறது. அவர் அதைத் தம் முதல் வாக்கியத்திலேயே சொல்லலாம்.